காட்டில் விழுந்த ரிப்பன்: ஒரு கதையின் குறியீடுகளை வாசிப்பது எப்படி

பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மருமகள் போன மாதம் ஒரு கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். அதில் ஒரு பக்கம் முழுக்க, பாடத்தில் உள்ள ஒரு சிறுகதைக்கு எழுதிய சமன் குறிகள். காடு = தீமை. தடி = சாத்தான். இளஞ்சிவப்பு ரிப்பன் = கள்ளமின்மை. மனைவி = விசுவாசம்.

“இவ்வளவையும் பாடமாக்கினால் காணும்தானே மாமா?”

“சோதனைக்குக் காணும் பிள்ளை. கதைக்குக் காணாது.”

அவள் முகம் சுருங்கிப் போனது. உண்மையில் பிழை அவளுடையதல்ல. ‘குறியீடு’ என்ற சொல்லை நாங்கள் எல்லாரும் இப்படித்தான் புழங்குகிறோம். கவிதையில் காகம் கரைந்தால் குறியீடு, படத்தில் மழை பெய்தால் குறியீடு, கதையில் ஒருத்தி கதவைச் சாத்தினால் அதுவும் குறியீடு. எழுத்தாளர் எதையோ பூட்டி வைத்துவிட்டுத் திறப்பை ஒளித்துவிட்டார், வாசகர் தேடி எடுக்கவேண்டும் என்ற நினைப்பு. அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னதை ஓரளவு ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

## முதலில் கதை

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தோர்ன் 1835இல் தன் பெயரைப் போடாமல் ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட சிறுகதை ‘யங் குட்மேன் பிரவுன்’. ‘குட்மேன்’ என்பது பெயரல்ல. அந்தக் காலத்தில் அங்கே சாதாரணக் குடும்பக்காரனுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். சொல்லின் நேர்ப்பொருளோ ‘நல்ல மனிதன்’. எங்கள் ஊரில் ஒருவரை நல்லதம்பி என்று கூப்பிடும்போது அவர் நல்லவரா என்று யாரும் யோசிப்பதில்லை. ஹாத்தோர்ன் யோசிக்க வைக்கிறார்.

கதை நடப்பது சேலத்தில். தமிழ்நாட்டுச் சேலம் அல்ல, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பகுதியில் உள்ள கடற்கரை ஊர். காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பிரவுனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி பெயர் ஃபெயித், அதாவது விசுவாசம். ஒரு நாள் பொழுதுபடும் நேரம் அவன் வெளிக்கிடுகிறான். ‘இண்டைக்கு இரவு மட்டும் போகாதையுங்கோ’ என்ற மாதிரி அவள் கெஞ்சுகிறாள். அவளுடைய தொப்பியில் கட்டியிருந்த இளஞ்சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடுகிறது. அவன் போகிறான்.

காட்டில் ஒரு வயதான ஆள் காத்திருக்கிறான். பார்த்தால் பிரவுனுக்குத் தகப்பன் போலச் சாயல். கையில் பாம்பைப் போலச் செதுக்கிய தடி. இருவரும் நடக்கிறார்கள். பிரவுன் இடையிடையே திரும்பிப் போகப் பார்க்கிறான், ஆனால் கால் முன்னுக்குத்தான் போகிறது. வழியில், சின்ன வயதில் தனக்கு வேதபாடம் சொல்லித்தந்த கிழவியைக் காண்கிறான். அவளுக்கும் அந்த ஆளைத் தெரிந்திருக்கிறது. பிறகு ஊர்ப் போதகரின் குரலும் கோயில் மூப்பரின் குரலும் கேட்கின்றன. கடைசியாக மேலே ஒரு கருமேகம், அதற்குள் மனைவியின் குரல். ஒரு ரிப்பன் பறந்து வந்து மரக்கொப்பில் தொங்குகிறது. “என் விசுவாசம் போய்விட்டது!” என்று அவன் கத்துகிறான்.

அதன்பிறகு பேய்க்கூட்டம். எரியும் நாலு பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கற்பாறை பீடம். ஊரில் மதிப்பான ஆட்கள் எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். கூட்டத்தில் சேர்வதற்குப் பிரவுனையும் அவன் மனைவியையும் முன்னே கொண்டுவருகிறார்கள். “வானத்தைப் பார், தீயவனை எதிர்த்து நில்” என்று அவளிடம் கூவுகிறான். அடுத்த கணம் யாரும் இல்லை. அவன் மட்டும் காட்டில், இரவின் அமைதியில். விடிந்து ஊருக்குத் திரும்பியவன் சாகும்வரை எவரையும் நம்பவில்லை.

## கடவை விளக்கும் நிறைகுடமும்

ரயில் கடவையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கவேண்டும். அதற்கு வேறு பொருள் கிடையாது, இருந்தால் ஆபத்து. இப்படி ஒரு பொருளோடு நிற்பதை அடையாளம் என்று சொல்லிக்கொள்வோம்.

கல்யாண வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர், மாவிலை, மேலே தேங்காய். இது என்னத்துக்கு என்று அப்பாச்சியிடம் கேட்டால் லட்சுமி என்பார். பெரியப்பாவிடம் கேட்டால் நிறைவு என்பார். வந்தவரை வரவேற்பதற்கு என்று மூன்றாவது ஆள் சொல்வார். மூன்றும் சரி, மூன்றையும் கூட்டினாலும் குடம் முடிந்துவிடாது. அதோடு அது குடமும்தான். சின்னப்பிள்ளை தட்டிவிட்டால் தண்ணீர் ஓடும். ஓடினவுடன் பெரியவர்களின் முகம் மாறும் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு சாதாரணப் பொருள், தன் சாதாரணத்தை விடாமலே, தன்னைவிடப் பெரிய ஒன்றைத் தாங்கி நின்றால் அதுதான் குறியீடு.

மருமகளின் கொப்பி செய்திருப்பது குடத்தைக் கடவை விளக்காக்கும் வேலை.

## ‘சாந்தி போட்டுது’

ஆனால் மனைவியின் பெயரே விசுவாசம் என்றால், அது நேரடிச் சமன் குறி இல்லையா என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி.

தமிழில் வைத்துப் பார்ப்போம். சாந்தி என்ற பெயரில் ஒழுங்கைக்கு ஒருத்தியாவது இருப்பாள். அவளுடைய புருசன் படலையடியில் நின்று, “என்ர சாந்தி போட்டுது” என்கிறான். மனைவி போய்விட்டாளா, மன அமைதி போய்விட்டதா? ஒரே வாய், ஒரே வசனம், இரண்டு இழப்பு. கதையிலும் இப்படித்தான். ஏன் பிந்தினாய் என்று காட்டு மனிதன் கேட்க, “ஃபெயித் கொஞ்ச நேரம் மறித்துப்போட்டாள்” என்கிறான் பிரவுன். மனைவி மறித்தாள் என்றும் எடுக்கலாம், விசுவாசம் தடுத்தது என்றும் எடுக்கலாம்.

பாத்திரங்களுக்குக் குணங்களின் பெயரை வைத்து, கதை முழுவதையும் ஒரு கருத்தின் மேல் போர்த்துவதை உருவகக் கதை என்பார்கள். ஹாத்தோர்ன் அந்த வடிவத்தை எடுக்கிறார், ஆனால் ஒழுங்காக நடக்க விடுவதில்லை. உருவகக் கதையில் விசுவாசம் என்று பெயர் வைத்த பாத்திரம் விசுவாசமாகவே இருக்கவேண்டும். இங்கே ஃபெயித் கெட்ட கனவுக்குப் பயப்படுகிற, புருசனைப் போகவேண்டாம் என்கிற, விடிந்ததும் அவனைக் கண்ட சந்தோசத்தில் தெருவில் துள்ளி ஓடிவருகிற பெண். அவளுக்கென்று ஒரு இரவு இருந்திருக்கிறது. அந்த இரவில் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இதுவரை பார்த்தது: அடையாளத்துக்கு ஒரு பொருள், குறியீட்டுக்குச் சாதாரணச் சாமானாக இருந்துகொண்டே பல பொருள், உருவகக் கதைக்குப் பெயரும் பொருளும் ஒன்றுக்கு ஒன்று. இந்தக் கதை மூன்றாவதைப் போல வேடமிட்டு இரண்டாவதைச் செய்கிறது.

## ரிப்பன் எப்படி வேலை செய்கிறது

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரட்டைப் பின்னலில் கட்டும் ரிப்பன் ஒன்று ஒழுங்கையில் கிடந்தால், “ஆரோ பிள்ளை விழுத்திப்போட்டுது” என்று எடுத்து வேலியில் செருகிவிட்டுப் போவோம். அதே ரிப்பன், ஷெல் விழுந்த வளவுக்குள் கிடந்தால்? துணியும் நிறமும் மாறவில்லை, கிடந்த இடம் மாறிவிட்டது. குறியீட்டின் பொறிமுறை இவ்வளவுதான்: ஒரு பொருள் ஒரு இடத்தில் அறிமுகமாகிறது, பிறகு இருக்கக்கூடாத இடத்தில் திரும்பி வருகிறது. நடுவில் நடந்தவை எல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன.

ஃபெயித்தின் ரிப்பன் கதையின் தொடக்கத்தில் அவளுடைய தொப்பியில் இருக்கிறது. வீட்டுவாசல், காற்று, இளம் மனைவி. அப்போது அது ஓர் அலங்காரம், அவ்வளவே. நடுவில் அது காட்டில், இருட்டில், மரக்கொப்பில். அவன் எட்டிப் பிடித்துக் கையில் எடுக்கிறான். கொப்பியில் எழுதிய ‘கள்ளமின்மை’ இந்த இடத்துக்கு ஓரளவு பொருந்தும். மூன்றாம் முறை வருவதைத்தான் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். விடிந்து அவன் ஊருக்குள் வரும்போது ரிப்பன் மறுபடி அவள் தலையில் இருக்கிறது!

காட்டில் பிடித்தது உண்மை ரிப்பன் என்றால் இது எப்படி வந்தது? கனவு என்றால் அவன் கையில் எதைப் பிடித்தான்? இளஞ்சிவப்பு என்றால் வெள்ளையும் சிவப்பும் கலந்தது, தூய்மையும் பாவமும் கலந்த மனித மனம் என்று சிலர் விளக்குவார்கள். பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. நிறத்தைப் பிரித்துப் பார்ப்பதைவிட, ரிப்பன் எங்கே இருந்தது, எங்கே போனது, எங்கே திரும்பியது என்று பின்தொடர்ந்தால் கதை தானே திறக்கும்.

தடியும் அப்படித்தான். அது பாம்பைப் போல உயிரோடு நெளிந்ததாகத் தோன்றியது என்று எழுதிவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் கண் ஏமாந்திருக்கவேண்டும் என்று உடனே ஒரு வரி சேர்க்கிறார் ஹாத்தோர்ன். பாறைக் குழியில் இருந்தது நெருப்பொளியில் சிவந்த தண்ணீரா, இரத்தமா, திரவ நெருப்பா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போகிறார். இரண்டு காலிலும் மாறி மாறி நின்று, எந்தக் காலில் நிற்கிறோம் என்று காட்டாத இந்த எழுத்துக்கு ஈரடித்தன்மை என்று பெயர் வைப்போம். ஊரில் ‘ஈரடியாகக் கதைக்கிறான்’ என்றால் குறை. இங்கே அதுதான் கதையின் இயந்திரம்.

## சோதனை

யாழ்ப்பாணத்தில் சோதனை என்றால் பரீட்சை. ஒரு காலத்தில் சோதனைச் சாவடி. வேதப்புத்தகத்திலோ, பாவத்துக்கு இழுக்கப்படுவது. ‘எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்’ என்ற செபவரி இங்கே கிறிஸ்தவரல்லாத பலருக்கும் தெரியும். ஒரே சொல்லில் பரீட்சையும் ஆசைகாட்டலும் இருப்பது இந்தக் கதைக்கு வசதியாகப் போயிற்று.

பொதுவாகச் சோதனை என்றால் பொன், பெண், பதவி என்று நினைப்போம். பிரவுனுக்கு இவை எதுவும் காட்டப்படவில்லை. அவனுக்குக் காட்டப்படுவது ஒரு அறிவு: ‘உன் ஊரில் ஒருவரும் நல்லவரில்லை’. உன் பாட்டனார் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சேலம் தெருக்களில் சவுக்கால் அடித்தபோது உதவியது நான்தான். உன் தகப்பன் செவ்விந்தியக் கிராமத்துக்குத் தீ வைக்கப் பந்தம் கொடுத்ததும் நான்தான். காட்டு மனிதன் இதை ஏதோ பழைய குடும்பச் சிநேகிதன் மாதிரிச் சாவகாசமாகச் சொல்கிறான். ஆசை காட்டுவதாகவே தெரியாது. கதைத்துக்கொண்டு போகலாம், விருப்பமில்லையென்றால் திரும்பலாம் என்கிறான். இவனும் கதைத்துக்கொண்டு நடக்கிறான்.

ஊராரின் இரகசியம் தெரியவேண்டும் என்ற ஆசை எவ்வளவு ருசியானது என்பதைச் செத்தவீட்டுப் பந்தலுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் இருந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்த மக்களைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும். அவர்கள் தூய்மைவாதிகள்: தேவாலயத்தைச் சடங்குகளிலிருந்து சுத்தப்படுத்தவேண்டும் என்று இங்கிலாந்தில் கிளம்பி, அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ்தவப் பிரிவினர். யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது அவர்களின் கொள்கை. ஆனால் அந்தப் பட்டியலில் தான் இருக்கிறேனா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே அறிகுறிகளைத் தேடுவார்கள், தன்னிலும் அயலவனிலும். எதைக் கண்டாலும் அறிகுறியாக வாசிக்கும் பழக்கம் இப்படி ஊறிப்போன ஊர் அது.

இது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். 1812 பெப்ரவரியில் அமெரிக்காவின் முதல் வெளிநாட்டு மிஷனரிமார் குருப்பட்டம் பெற்றது இதே சேலத்துத் தேவாலயம் ஒன்றில்தான். அதே ஊரில் பிறந்த ஹாத்தோர்னுக்கு அப்போது ஏழு வயது. அவர்களை அனுப்பிய சங்கத்தின் ஆட்கள்தான் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. பிரவுனுக்கு அந்தக் கிழவி சொல்லித்தந்த வேதபாடம் கேள்வியும் பதிலுமாக இருக்கும். அந்த வடிவத்தை எங்கள் பிள்ளைகளும் அறிவார்கள். ஆறுமுக நாவலர் சைவத்துக்கே வினாவிடை எழுதித் தந்தவர் அல்லவா?

சுருக்கமாக: பிரவுனுக்கு வந்த சோதனை பாவம் செய்யும் ஆசை அல்ல, மற்றவர்களின் பாவத்தை அறியும் ஆசை.

## கண்டது யாரை?

‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.’ கதையை இந்தப் பழமொழியோடு முடித்துவிடலாம் என்று தோன்றும். பனங்கூடலுக்குள் இரவில் தனியே நடந்தவருக்குக் காவோலை விழும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று தெரியும். ஆனால் பழமொழி பாதித் தூரம்தான் வரும். மீதிக்கு வரலாறு வேண்டும்.

1692இல் அந்தச் சேலத்தில் சூனியக்காரர் என்று 150க்கும் மேற்பட்டவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். அந்த வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர் ஜோன் ஹாத்தோர்ன், எங்கள் எழுத்தாளரின் பாட்டனுக்குப் பாட்டன். பிரவுனின் முன்னோரைப் பற்றிக் காட்டு மனிதன் சொல்வதில் எழுத்தாளரின் சொந்தக் குடும்ப நிழல் விழுகிறது.

அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு வகைச் சாட்சி இருந்தது. “அவளுடைய உருவம் இரவில் என்னிடம் வந்து என்னைக் கிள்ளியது” என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த நேரம் அவள் தன் வீட்டில் நித்திரை கொண்டிருந்தாலும் பயனில்லை, வந்தது உருவம்தானே! இதை ஆவிச் சாட்சியம் என்று சொல்லலாம். அப்போதே சில போதகர்கள் ஒரு சந்தேகம் எழுப்பினார்கள்: குற்றமற்றவரின் உருவத்தைச் சாத்தான் எடுத்து வரமுடியாதா? முடியும் என்றால் இந்தச் சாட்சி ஒன்றுக்கும் உதவாது.

இதை வைத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்புங்கள். அங்கே அவனைச் சந்தித்தவனே பிரவுனின் குடும்பச் சாயலில் வந்தவன். உருவம் எடுக்கத் தெரிந்தவன் காட்டிய உருவங்களைத்தான் பிரவுன் இரவு முழுக்கப் பார்த்தான். போதகரையும் மூப்பரையும் வழியில் அவன் காணவே இல்லை, குரல் மட்டும் கேட்டான். இன்னொன்று: அவன் சூனியக்காரிகளாகக் கண்ட அந்தக் கிழவி, பேய்க்கூட்டத்தில் வரும் மார்த்தா கேரியர் போன்றவர்களின் பெயர்கள் அந்த வழக்குகளில் உள்ள உண்மைப் பெயர்கள். மார்த்தா கேரியர் தூக்கில் செத்தவள். 1835இல் இதை வாசித்தவர்களுக்கு அந்தப் பெண்கள் குற்றமற்றவர்கள் என்று தெரியும். பிரவுனின் கண்ணை நம்பாதே என்று பெயர்களே சொல்கின்றன.

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு இதற்கு ஒரு சொல் இருக்கிறது: தலையாட்டி. யுத்தகாலத்தில் படையினரின் சுற்றிவளைப்பில் எங்களை வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் துளை. அவன் தலை அசைந்தால் நீங்கள் வேறு பக்கம். அவன் எதைக் கண்டான், எதற்குப் பயந்தான், யாருக்கும் தெரியாது. விட்டு வந்த பிறகும் முடியாது. கடையில், கோயிலில், கிணற்றடியில் ‘அது இவனாக இருக்குமோ’ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தோம். அப்படிப் பார்த்ததில் எத்தனை பேரை அநியாயமாகச் சந்தேகித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. காட்டிலிருந்து திரும்பிய பிரவுன் ஊர்க்கோயிலில் உட்கார்ந்து போதகரின் முகத்தைப் பார்க்கும் இடத்தை வாசித்தபோது அந்தக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது.

## விசுவாசம் எதில் கட்டியிருந்தது

பிரவுனின் விசுவாசம் காட்டில் உடைந்தது என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. அது வீட்டு வாசலிலேயே விரிசல் விட்டிருந்தது என்பது என் கட்சி. புறப்படும்போது அவன் என்ன நினைக்கிறான்? இந்த ஒரு இரவு மட்டும். பிறகு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே மோட்சம் போய்விடுவேன். அவனுடைய விசுவாசம் மனைவியின் தலையில் இருக்கிறது. வேதபாடம் கிழவியிடம், பிரசங்கம் போதகரிடம். தன்னிடம் அவன் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள், ஆகவே கடவுள் இருக்கிறார் என்ற கணக்கு. அவர்களில் ஒருவர் பிசகினால் கணக்கு முழுவதும் விழும். விழுந்தது.

இதனால்தான் ஒரு துண்டு ரிப்பன் அவனுக்குப் போதுமாக இருந்தது. தடி = சாத்தான், ரிப்பன் = மனைவி, குரல் = போதகர். பிரவுன்தான் அந்தச் சமன் குறிக் கொப்பியை முதலில் எழுதியவன். கதை ஈரடியாக வைத்த எல்லாவற்றையும் அவன் ஓரடியாக வாசித்தான். காட்டில் தூங்கிக் கெட்ட கனவு கண்டானோ என்று ஹாத்தோர்ன் கேட்கிறார், விரும்பினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தக் கேள்வியைப் பிரவுன் தன்னிடம் ஒருமுறையும் கேட்டதாகக் கதையில் இல்லை.

மருமகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கொப்பியை மூடிவிட்டுக் கேட்டாள்: “ஏன் மாமா, விடிய வீட்டை வந்தவன் மனிசியிட்ட, ‘ராத்திரி எங்க நிண்டனீர்’ எண்டு ஒருக்கா கேட்டிருக்கலாம்தானே?”

கேட்கவில்லை. ரிப்பன் ஆட ஆட ஓடிவந்தவளைக் கடுமையாகப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் தாண்டிப் போனான். பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகள் பிறந்து, அவள் கிழவியாகி அவனுடைய பிரேதத்துக்குப் பின்னால் நடந்து போகும்வரை கேட்கவில்லை.